சேஃப்டி பொத்தான் இல்லாத கைத்துப்பாக்கியைத் தினமும் இடுப்பில் வைத்துக்கொள்வது எப்படி

டெக்சஸில் துப்பாக்கிக் கடைக்கு முதல் தடவை போகிற நம் ஆட்கள், கவுண்டரில் க்ளாக் 19-ஐக் கையில் வாங்கியதும் கட்டைவிரலால் பக்கவாட்டில் எதையோ தேடுவார்கள், அப்புறம் கேட்பார்கள்: "இதில் சேஃப்டி எங்கே?" கடைக்காரர் ட்ரிகரின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன நாக்கைக் காட்டி இதுதான் என்பார். அவ்வளவுதானா என்ற சந்தேகம் பணம் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகும் போகாது. எனக்கும் பல மாதம் போகவில்லை. இப்போது ஏழு வருடமாகத் தினமும் வைத்திருக்கிறேன். புதிதாக வாங்கிய நண்பர்கள் வந்து கேட்கும்போது ஒவ்வொருவருக்கும் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன், வரிசையாகவே செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் விசாவைப் பாருங்கள். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டுதான், ஆனால் வழக்கறிஞரிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். "நண்பன் துப்பாக்கிதானே, ரேஞ்சில் சும்மா பத்து ரவுண்ட் சுட்டேன்" என்பதுகூடச் சிக்கலாகலாம், ஏனென்றால் கையில் பிடித்தாலே வைத்திருந்ததாகக் கணக்காகலாம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. இத்தனை வருடம் வரிசையில் நின்று வாங்கப்போகிற கிரீன் கார்டை ஒரு சனிக்கிழமை மாலைக்காக அடகு வைக்க வேண்டாம்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துப்போகலாம். இருந்தாலும் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று ஒரு மத்திய சட்டம் இருக்கிறது, மாநில லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அந்த மாநிலத்துக்குள் அதில் விலக்கு உண்டு. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடப் போனால் அந்த 1000 அடிக்குள் போகாமல் முடியாது, யோசித்துப் பாருங்கள். பக்கத்து மாநிலங்களுக்குக் காரில் போனாலும் லைசென்ஸ் உதவும். வகுப்பும் சுடும் தேர்வும் ஒரே நாளில் முடிந்துவிடும். 50 ரவுண்ட், 3, 7, 15 கஜ தூரத்தில். கஷ்டமான தேர்வு இல்லை, அதைத் தாண்டியதால் நமக்குச் சுடத் தெரிந்துவிட்டது என்றும் அர்த்தம் இல்லை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் உங்கள் மாநிலச் சட்டத்தைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள், எல்லை தாண்டினால் சட்டமும் மாறிவிடும்.

சரி, இனி துப்பாக்கி. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் க்ளாக் 17-ஐ ஏற்றுக்கொண்டதிலிருந்து இந்த வகை உலகம் முழுக்கப் பரவியது. அதற்குள்ளே மூன்று சேஃப்டி இருக்கிறது, மூன்றும் தானாகவே வேலை செய்பவை. ட்ரிகரில் இருக்கும் அந்த நாக்கை அழுத்தாமல் ட்ரிகர் பின்னால் வராது. தோட்டாவை இடித்துச் சுட வைக்கும் ஸ்ட்ரைக்கர் என்னும் ஊசி முன்னால் பாய்ந்து தோட்டாவைத் தொடாதபடி ஒரு சிறு உருளை குறுக்கே நிற்கும், ட்ரிகரை இழுத்தால்தான் அது விலகும். மூன்றாவது, ட்ரிகரோடு சேர்ந்த உலோகப் பட்டை தன் இடத்திலிருந்து தானாகக் கீழே இறங்காதபடி ஒரு மேடையில் உட்கார்ந்திருப்பது. இந்த மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை ஒன்றுதான்: துப்பாக்கி கீழே விழுந்தாலோ இடிபட்டாலோ வெடிக்காமல் பார்த்துக்கொள்வது.

இதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. ட்ரிகரை இழுத்தது உங்கள் விரலா, சட்டை நுனியா, ஜாக்கெட்டின் கயிற்று முனையில் தொங்கும் பிளாஸ்டிக் மணியா என்று துப்பாக்கிக்குத் தெரியாது. ட்ரிகரை நடுவில் எதுவோ ஒன்று சுமார் 5.5 பவுண்டு விசையோடு அரை அங்குலம் பின்னால் நகர்த்தினால் அது சுடும், அதற்காகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. பழைய ரிவால்வர்களிலும் சேஃப்டி பொத்தான் கிடையாது, ஆனால் சுத்தியல் மடக்கப்படாத நிலையில் அவற்றின் ட்ரிகர் நீளமானது, பத்துப் பன்னிரண்டு பவுண்டு கனம். சட்டை நுனி மாட்டினால் கையில் கனம் தெரிந்து சுதாரிக்க நேரம் இருக்கும். க்ளாக் வகையில் அந்த நேரம் ரொம்பக் குறைவு. அதனால் நம் விரலையும் துணியையும் ட்ரிகரிலிருந்து தள்ளி வைக்கும் பொறுப்பு முழுக்க உறையிடமும் நம் பழக்கத்திடமும் வந்து சேர்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

பொத்தான் இருக்கும் துப்பாக்கியே வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக அதையே வாங்குங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு, சிக் பி365 இரண்டிலுமே பொத்தான் உள்ளதும் கிடைக்கும், இல்லாததும் கிடைக்கும். ரேஞ்சில் யாராவது அதைக் கோழைத்தனம் என்று பேசினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் வாங்கினால், ஒவ்வொரு முறை உருவும்போதும் கட்டைவிரலால் அதைத் தட்டிவிடப் பழக வேண்டும், நூற்றுக்கணக்கான முறை, கை தானாகச் செய்யும்வரை. நான் பொத்தான் இல்லாததை எடுத்ததற்குக் காரணம் அந்த ஒரு வேலையைப் பயத்தில் மறந்துவிடுவேனோ என்று நினைத்ததுதான். பழைய துப்பாக்கி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: சிக் பி320 சில கோணங்களில் விழும்போது வெடிப்பதாகச் சோதனைகளில் தெரியவந்து, 2017 ஆகஸ்டில் அந்த நிறுவனமே உள் பாகங்களை மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது. அதற்கு முந்தைய பி320 கைக்கு வந்தால், பாகங்கள் மாற்றப்பட்டனவா என்று வரிசை எண்ணை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இப்போது உறை. துப்பாக்கிக்கு 550 டாலர் கொடுத்துவிட்டு உறைக்கு 15 டாலரில் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் நைலான் பை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கும். பொத்தான் இல்லாத துப்பாக்கிக்கு உறைதான் சேஃப்டி. உங்கள் மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் (விறைப்பான பிளாஸ்டிக்) உறை வேண்டும். ட்ரிகர் வளையம் இரண்டு பக்கமும் முழுக்க மூடியிருக்க வேண்டும். துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் சுருங்காமல் திறந்தே நிற்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் காலித் துப்பாக்கி நழுவி விழக் கூடாது. வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள்: துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு உறைக்குள் வைத்து, வெளியிலிருந்து ட்ரிகர் இருக்கும் இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் பலமாக அமுக்குங்கள். பேனாவை மேல் இடுக்கு வழியாக உள்ளே விட்டுப் பாருங்கள். ட்ரிகர் அசைந்தால் அந்த உறையைத் தூக்கிப் போடுங்கள், பணம் போனால் போகட்டும்.

தோல் உறை பார்க்க அழகு, நானும் ஒன்று வைத்திருந்தேன். ஆனால் ஓரிரு வருடம் ஆனதும் தோல் தளர்ந்து வாய் ஓரம் உள்பக்கமாக மடியும். அந்த மடிப்பே ட்ரிகர் வளையத்துக்குள் விரல் மாதிரி நுழைந்து, துப்பாக்கியைக் கீழே அழுத்தும்போது சுட்டுவிடும். அப்படி நடந்திருக்கிறது. தோல்தான் வேண்டும் என்றால் வாயில் உலோகப் பட்டை வைத்துத் தைத்ததாக வாங்கி மாதம் ஒருமுறை மடித்துப் பாருங்கள். துப்பாக்கியில் விளக்கு மாட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: விளக்கு அகலமாக இருப்பதால் அதற்கான உறையில் ட்ரிகர் பக்கம் இடைவெளி கூடுதலாக இருக்கும். முதல் ஒரு வருடத்துக்கு விளக்கு வேண்டாம் என்பது என் எண்ணம்.

உறையே இல்லாமல் இடுப்பில் செருகுவது எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு ஊரறிந்த ஒரு சம்பவம் இருக்கிறது. 2008 நவம்பரில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் பிளாக்ஸிகோ பரஸ் மன்ஹாட்டனில் ஓர் இரவு விடுதிக்கு க்ளாக்கை வெறும் இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அது நழுவியது, வெடித்தது, குண்டு அவர் தொடையிலேயே பாய்ந்தது. உயிர் பிழைத்தார். நியூயார்க்கில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்காக இரண்டு ஆண்டு சிறைத் தண்டனையும் கிடைத்தது. அதே மாதிரி கைப்பையும் வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு பல்பொருள் கடையில், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டது, தாய் அங்கேயே இறந்துபோனார். துப்பாக்கிக்கென்றே செய்த பை அது, தனி ஜிப்பும் இருந்தது. இதைப் படிக்கும் அக்கா தங்கைகளுக்குச் சொல்கிறேன், உடம்பில் வைக்க முடியாத நாளில் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

உறைக்கு அடுத்து பெல்ட். சாதாரண ஆபீஸ் பெல்ட் தொய்ந்து உறையைச் சாய்த்துவிடும், சாய்ந்தால் நாள் முழுக்கக் கை தானாக அங்கே போய்ச் சரிசெய்யும், அப்படித் தொட்டுத் தொட்டுச் சரிசெய்வதே ஆபத்து. விறைப்பான பெல்ட்டாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

எங்கே வைப்பது என்று பெரிய விவாதமே நடக்கும். முன்பக்கம், தொப்புளுக்கும் வலது இடுப்புக்கும் நடுவில் வைத்தால் மறைப்பது சுலபம், திரும்ப வைக்கும்போது கண்ணால் பார்க்கவும் முடியும், ஆனால் உட்காரும்போது குழாயின் வாய் தொடையைப் பார்க்கிறது, அங்கே பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் குழாய் தரையைப் பார்க்கும், தவறு நடந்தாலும் பெரும்பாலும் சதையோடு போகும், ஆனால் திரும்ப வைக்கும்போது சட்டை மடிந்து உள்ளே போனாலும் கண்ணுக்குத் தெரியாது. நான் புதியவர்களுக்கு இடுப்புப் பக்கத்தையே சொல்கிறேன், ஒரு வருடம் கழித்து முன்பக்கம் மாற வேண்டுமென்றால் மாறிக்கொள்ளுங்கள்.

இப்போது பழகும் கட்டம். முதல் இரண்டு வாரம் தோட்டா இல்லாமல் வீட்டுக்குள் மட்டும். இதில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. காலித் துப்பாக்கியின் ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல் பாகத்தை, ஒருமுறை இழுத்துவிட்டால் க்ளாக்கின் ட்ரிகர் முன்னால் வந்து நிற்கும். எப்போதாவது ட்ரிகர் இழுபட்டால் அது பின்னால் போய் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், மறுபடி ஸ்லைடை இழுக்கும்வரை முன்னால் வராது. ஆக, காலையில் காலியாக, ட்ரிகர் முன்னால் நிற்கும்படி உறைக்குள் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டைப் பெருக்குங்கள், காய்கறிப் பையைத் தூக்குங்கள், சோபாவில் சாய்ந்து படுங்கள், குனிந்து ஷூ லேஸ் கட்டுங்கள், காரில் ஏறி இறங்குங்கள். ராத்திரி எடுத்துப் பாருங்கள், ட்ரிகர் முன்னாலேயே இருக்கும். இரண்டு வாரம் தினமும் இதைப் பார்த்த பிறகுதான் என் மனதில் இருந்த அந்தப் பழைய பயம் போனது. யார் சொல்லியும் போகாதது கண்ணால் பார்த்ததும் போய்விட்டது.

ஒருவேளை ஏதாவது ஒரு நாள் ட்ரிகர் பின்னால் போயிருந்தால், உறையில் கோளாறு என்று அர்த்தம். தோட்டா போடுகிற பேச்சே வேண்டாம்.

சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் குழாயின் பின்முனையில், தோட்டா இல்லாமல், பிடிக்குள் செருகும் மேகசினில் மட்டும் வைத்துக்கொண்டு வெளியே போனால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். பயம் தீரும்வரை அப்படிப் போகலாம், தவறில்லை. ஆனால் தேவை வரும் நேரத்தில் ஸ்லைடை இழுக்க இரண்டு கையும் வேண்டும், ஒரு கையில் குழந்தை இருக்கலாம், அல்லது அந்தக் கையால்தான் எதிராளியைத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். நாளுக்கு நாள் கை பழகியதும் சேம்பரில் தோட்டாவோடு போவதுதான் பெரும்பாலான பயிற்சியாளர்கள் சொல்வது, நானும் அதைத்தான் செய்கிறேன்.

உருவுவதைவிடத் திரும்ப உள்ளே வைப்பதில்தான் நிறையப் பேர் தன்னைத் தானே சுட்டுக்கொள்கிறார்கள். அதனால் இதை நிதானமாகப் படியுங்கள். விரல் ட்ரிகரில் இல்லை, ஸ்லைடின் பக்கத்தில் மேலே நேராக நீட்டியிருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். இடது கையால் சட்டையை மார்புவரை தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். உறையின் வாயைக் கண்ணால் பாருங்கள். முன்பக்கம் வைப்பவர்கள் இடுப்பை முன்னால் தள்ளி மேலுடம்பைப் பின்னால் சாய்த்தால் குழாய் தொடையை விட்டு வெளியே பார்க்கும். அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாக உள்ளே விடுங்கள். எதுவோ தடுக்கிறது என்று கையில் பட்டால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள். ஒரு குளிர்கால மாலையில் எனக்கு அப்படித் தடுத்தது, எடுத்துப் பார்த்தால் உள்சட்டையின் நுனி சுருண்டு உறைக்குள் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அன்றிலிருந்து, வீட்டில் இருக்கும்போது துப்பாக்கியை இடுப்பில் இருக்கும் உறைக்குள் வைப்பதே இல்லை. உறையைக் கழற்றி, மேஜை மேல் குழாய் சுவரைப் பார்க்கும்படி வைத்து, துப்பாக்கியை அதற்குள் விட்டு, மூடிய நிலையில் மொத்தமாக எடுத்து பெல்ட்டில் மாட்டுகிறேன். புதியவர்கள் எல்லோரும் இப்படியே செய்யுங்கள்.

க்ளாக்கின் ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கும் மூடிக்குப் பதிலாகப் பொருத்தும் ஒரு சிறு தகடும் விற்கிறார்கள், ஸ்ட்ரைக்கர் கன்ட்ரோல் டிவைஸ் என்று பெயர். ட்ரிகர் அசைந்தால் அந்தத் தகடு பின்னால் எழும்பும். உறைக்குள் விடும்போது கட்டைவிரலை அதன் மேல் அழுத்தி வைத்தால் ட்ரிகரை எது இழுத்தாலும் விரலில் தெரியும், நகரவும் விடாது. சுடும்போது அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. நல்ல பொருள், என் துப்பாக்கியில் இருக்கிறது.

அப்புறம், தொடுகிற எண்ணிக்கையைக் குறையுங்கள். காலையில் ஒருமுறை மாட்டுவது, இரவில் ஒருமுறை கழற்றுவது, நடுவில் உறையை விட்டு வெளியே வரவே கூடாது. காரில் ஏறியதும் எடுத்துக் கதவுப் பக்கத்தில் வைப்பது, கழிப்பறையில் எடுத்துத் தாள் சுருள் பெட்டி மேல் வைப்பது, நண்பனுக்கு எடுத்துக் காட்டுவது எதுவும் வேண்டாம். கழிப்பறையில் பேன்ட்டை முழங்காலுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு, பெல்ட்டை மறுபடி பூட்டிவிட்டால் உறை அசையாது. பள்ளி, நீதிமன்றம், வாசலில் 30.06 பலகை (மறைத்து வைத்த துப்பாக்கியோடு வராதே என்ற அறிவிப்பு) வைத்த இடம், சிவப்பில் 51% என்று எழுதிய மதுக்கடை, இப்படி நுழையக் கூடாத இடத்துக்குப் போகும் நாளில் காரில் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கை தவறித் துப்பாக்கி விழுந்தால் விழட்டும். பிடிக்காதீர்கள். நம் கை தானாகப் பாயும், அதைத் தடுக்கப் பழக வேண்டும். நான் மேலே சொன்ன மூன்று சேஃப்டியும் விழுவதற்காகவே இருக்கின்றன, காற்றில் பிடிக்கப் போகும் விரலுக்காக ஒன்றும் இல்லை. விழுந்து அடங்கிய பிறகு நிதானமாக எடுங்கள்.

சுத்தம் செய்யும்போது கூடுதல் கவனம். க்ளாக்கைப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் ட்ரிகரை இழுத்தாக வேண்டும், அதன் அமைப்பு அப்படி. பிரிக்கப் போய்ச் சுட்டவர்கள் ஏராளம். மேகசினை முதலில் கழற்றுங்கள், அதன் பிறகு ஸ்லைடை இழுங்கள். வரிசையை மாற்றினால் ஒரு தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிக்கொள்ளும், நீங்கள் காலி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஸ்லைடைத் திறந்து நிறுத்தி சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து, குழாயைப் பாதுகாப்பான பக்கம் நீட்டி, அதன் பிறகுதான் ட்ரிகர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி வகையிலும் சிக் வகையிலும் ட்ரிகரைத் தொடாமலே பிரிக்கலாம். இதற்காகவே அவற்றை வாங்குபவர்கள் உண்டு, அது நல்ல காரணம்தான்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள். அலமாரி உச்சியில், புடவைகளுக்கு அடியில், சாமி அறை மேல் தட்டில் என்று ஒளித்து வைப்பது பிள்ளைகளிடம் பலிக்காது, தீபாவளிக்கு வாங்கிய பரிசை எங்கே ஒளித்து வைத்தாலும் அவர்கள் கண்டுபிடித்ததை நினைத்துப் பாருங்கள். டெக்சஸ் சட்டப்படி, 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குத் தோட்டா நிரப்பிய துப்பாக்கி நம் அஜாக்கிரதையால் கைக்குக் கிடைத்துவிட்டால் அது குற்றம். குடும்ப விழாக்களுக்கு வேட்டியில் போகும் நாளில் எடுத்துப் போகவே வேண்டாம், வேட்டியில் உறை நிற்காது. கட்டிப்பிடிக்க வரும் சித்தப்பாக்களும் மடியில் ஏறும் குழந்தைகளும் நிறைந்த இடம் அது.

ரேஞ்சுக்கு மாதம் ஒருமுறையாவது போங்கள், மற்ற நாட்களில் தோட்டா இல்லாத அறையில் வெறும் துப்பாக்கியோடு பத்து நிமிடம் உருவிப் பழகுங்கள். துப்பாக்கி வாங்கிய அதே மாதத்தில் ஸ்டாப் தி பிளீட் வகுப்புக்கும் போய்விடுங்கள். ரத்தம் பீறிடும் காலில் டூர்னிகே (ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டை) கட்டுவது எப்படி என்று ஒன்றிரண்டு மணி நேரத்தில் சொல்லித் தருவார்கள், பல ஊர்களில் இலவசம். நல்ல டூர்னிகே ஒன்று முப்பது டாலருக்குக் கிடைக்கும். அதைக் காரில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து கை எட்டும் இடத்தில் வையுங்கள், அது சுற்றி வந்த பிளாஸ்டிக் கவரை இப்போதே பிரித்துவிட்டு.